கம்யூனிட்டி காலேஜில் சேர விண்ணப்பித்தேன், 2,500 டாலர் பில் வந்திருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

கரிசல்பெண் | ஜூன் 17, இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் கோவில்பட்டி பக்கம். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தேன், அப்புறம் கல்யாணம். இப்போது எச்4 விசா, அதாவது எச்1பி வேலை விசாக்காரரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது. முதலில் டெக்ஸாஸில் மூன்று வருஷம், வீட்டுக்காரருக்கு வேலை மாறியதால் போன வருஷம் ஜூலையில் கலிஃபோர்னியாவுக்கு, ஃப்ரீமான்ட்டுக்கு வந்தோம். மகள் இரண்டாம் வகுப்பு போகப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வேலை பிடித்துப்போனதால், குழந்தைகள் வளர்ச்சி சம்பந்தமாக முறையாகவே படித்தால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்காரருக்கு ஐ-140 (க்ரீன் கார்டுக்காக கம்பெனி போடுகிற மனு) ஒப்புதல் ஆகிவிட்டது, எனக்கு ஈஏடி (வேலை அனுமதி அட்டை) வந்ததும் ஏதாவது பிரீஸ்கூலில் வேலைக்குப் போகலாம் என்று கணக்கு.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் இங்கே எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிற இரண்டு வருஷ அரசுக் கல்லூரி. அதற்கு விண்ணப்பிக்கிற சிசிசி அப்ளை தளத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டேன். இருபத்தைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பணமும் கேட்கவில்லை. இரண்டு நாளில் மாணவர் எண் வந்தது. இரண்டு பாடம், மொத்தம் 6 யூனிட் (பாடத்தின் அளவைச் சொல்கிற கணக்கு) பதிவு செய்தேன். யூனிட்டுக்கு 46 டாலர், ஆகவே 276, மேலே சில்லறைக் கட்டணங்கள் என்று நினைத்துக்கொண்டு போர்ட்டலைத் திறந்தால் 2,500 டாலருக்கு நாலைந்து டாலர்தான் குறைச்சல். பெயருக்கு நேரே 'நான்ரெசிடென்ட்', அதாவது இந்த மாநிலத்தில் குடியிருப்பவர் இல்லை என்று போட்டிருக்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கம்யூனிட்டி காலேஜா? நம்ம கம்யூனிட்டிக்கு அங்க இடம் குடுப்பாங்களா? சர்டிபிகேட் எதுவும் தாசில்தார் ஆபீஸ்ல வாங்கி அனுப்பணுமா?" என்று கேட்கிறார். சிரித்துவிட்டு அழுதேன்.

எச்4-க்கு இதுதான் கட்டணமா, அல்லது நான் எதையாவது தப்பாகப் போட்டுவிட்டேனா?

டிரேசி_பயணி | ஜூன் 18, காலை 6:10

எச்4 என்றால் அப்படித்தான். என் தம்பி மனைவிக்கும் இதே தொகைதான் காட்டியது, அவர் விட்டுவிட்டார். அந்தக் காசுக்கு ஊரிலேயே தொலைநிலையில் ஒரு எம்.ஏ. முடித்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 18, காலை 7:45

டிரேசி, இல்லை. இந்தத் தப்பான தகவல் பத்து வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இதனாலேயே எத்தனையோ பெண்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் எஃப்1 (மாணவர்), பி2 (சுற்றுலா) மாதிரி விசாக்காரர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் கிடையாது, ஏனென்றால் அந்த விசாவின் அடிப்படையே 'திரும்பிப் போய்விடுவேன்' என்பது. எச்1பி, எச்4 அப்படி இல்லை. இவர்கள் இங்கேயே குடியிருக்கும் எண்ணத்தோடு இருக்கலாம் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. அதனால் செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தின நாளோடு ஒரு வருஷமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்திருந்தால், அதைத் தாளில் காட்டவும் முடிந்தால், நீங்களும் யூனிட்டுக்கு 46 டாலர் ஆள்தான். அந்த 46 டாலர் 2012 கோடையிலிருந்து மாறவில்லை என்பது கூடுதல் சந்தோஷம்.

கரிசல்பெண், ஒரே கேள்வி. விண்ணப்பத்தில் 'கலிஃபோர்னியாவில் இப்போதைய வாசம் எப்போது தொடங்கியது' என்று ஒரு இடம் வந்திருக்கும். அதில் என்ன தேதி போட்டீர்கள்?

கரிசல்பெண் | ஜூன் 18, காலை 9:20

நவம்பர் 8. டிரைவிங் லைசென்ஸில் இருக்கிற தேதி. 'அரசாங்க ஆவணத்தில் உள்ளபடி' என்று நானே நினைத்துக்கொண்டு போட்டேன்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 18, காலை 9:31

அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள்.

அவர்கள் கேட்பது நீங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய தேதி. லைசென்ஸ் வாங்கிய தேதி அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். நீங்கள் நவம்பர் என்று போட்டதும், ஆகஸ்ட்டில் ஒரு வருஷம் ஆகவில்லையே என்று கணினி உங்களை வெளியூர் ஆளாக எழுதிவிட்டது. தேதி சரியாக இருந்தாலும் விசா எச்4 என்று பார்த்ததும் பல காலேஜ்களில் முதலில் நான்ரெசிடென்ட் என்றுதான் காட்டும், தாள்களைக் கொடுத்தபின் மாற்றுவார்கள். அந்த பில்லைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப்பேர் ஓடிவிடுகிறார்கள், டிரேசியின் தம்பி மனைவி மாதிரி.

பின்வரிசை | ஜூன் 18, பகல் 12:05

எதற்கு இவ்வளவு பேச்சு? புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட்டு, 'இரண்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன்' என்று அடித்துவிடுங்கள். யாரும் செக் பண்ணுவதில்லை. என் நண்பன் அப்படித்தான் செய்தான்.

எச்4_அம்மா | ஜூன் 18, பகல் 12:40

பின்வரிசை, தயவுசெய்து இந்த மாதிரி யோசனை சொல்லாதீர்கள். விண்ணப்பத்தின் கடைசியில் பொய் சொல்லவில்லை என்று உறுதிமொழி கொடுத்துத்தான் அனுப்புகிறோம். க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிற குடும்பம், 2,000 டாலருக்காக ஒரு அரசு நிறுவனத்தில் பொய்த் தேதி கொடுத்து வைப்பதா? உங்கள் நண்பர் சிட்டிசனாக இருந்திருப்பார்.

இன்னொன்று, ஒரே ஆள் இரண்டு விண்ணப்பம் போட்டால் மாணவர் எண் இரண்டாகிக் குழம்பும், போலி என்று சந்தேகப்பட்டு நிறுத்திவைப்பதும் உண்டு. உதவித்தொகையைச் சுருட்டுவதற்காக ஆள் இல்லாத பெயர்களில் கூட்டம் கூட்டமாக விண்ணப்பம் போடுகிற கும்பல்கள் இருக்கின்றன, 'பேய் மாணவர்' என்றே சொல்கிறார்கள். அதனால் இப்போது எல்லாக் காலேஜும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. என் விண்ணப்பத்தையே நிறுத்திவைத்தார்கள், ஜூமில் வந்து பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டு என்றார்கள். குக்கர் விசில் அடிக்க அடிக்கக் காட்டினேன்.

கரிசல்பெண், அனுப்பிவிட்ட விண்ணப்பத்தை நீங்களாகத் திருத்த முடியாது. நேராக அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் போங்கள். மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், நேரில் போங்கள். ரெசிடென்சி மறுபரிசீலனைக்கு ஒரு படிவம் தருவார்கள். அதற்குக் கடைசி நாள் உண்டு, காலேஜுக்குக் காலேஜ் வேறு.

கரிசல்பெண் | ஜூன் 18, இரவு 10:15

நன்றி அக்கா, நன்றி கணக்குப்பிள்ளை சார். இரண்டு சந்தேகம்.

வீட்டு லீஸ் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. ஜூலை 12 தேதியிட்டது. என் பெயர் 'குடியிருப்போர்' என்று கீழே ஒரு வரியில்தான் வருகிறது, மகள் பெயரோடு சேர்த்து. மின்சாரம், இன்டர்நெட் எல்லாம் அவர் பெயர்தான். கார் அவர் பெயர். போன் எண்கூட அவருடைய ஃபேமிலி பிளானில் மூன்றாவது லைன். என் பெயருக்கு என்று இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நேற்று ராத்திரி அலமாரி முழுக்கத் தேடினேன். ஒரு லைப்ரரி கார்டு கிடைத்தது.

இரண்டாவது, கலிஃபோர்னியா மாநில வரி தாக்கல் செய்த படிவத்தில் 540என்ஆர் என்று இருக்கிறது. என்ஆர் என்றால் நான்ரெசிடென்ட்தானே? நாங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே?

கணக்குப்பிள்ளை | ஜூன் 19, காலை 7:02

540என்ஆர் கண்டு பயப்படாதீர்கள். வருஷத்தின் நடுவில் மாநிலம் மாறி வந்தவர்களும் அதே படிவத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும், பாதி வருஷக் குடியிருப்பாளர் என்று. உள்ளே எந்தத் தேதியிலிருந்து கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கும். அங்கே ஜூலை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இதுவே உங்கள் நல்ல சாட்சி. இருவரும் சேர்ந்து தாக்கல் செய்ததால் உங்கள் பெயரும் இருக்கும்.

டெக்ஸாஸில் மாநில வருமான வரியே கிடையாது என்பதால், 'வேறு மாநிலத்தில் வரி கட்டினாயா' என்ற கேள்விக்கும் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஓட்டுப் பதிவு, வழக்கு, வேறு மாநிலக் காலேஜில் உள்ளூர்க் கட்டணம் என்று அந்தப் பக்கத்தில் கேட்கிற மற்ற எதிலும் நீங்கள் இல்லை.

பெயர் இல்லாத பிரச்சினை எச்4 பெண்கள் எல்லோருக்கும் உள்ளது. ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர் என்கிறீர்கள், வவுச்சர் தேடுகிற மாதிரி தேடுங்கள். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது யார் கையெழுத்துப் போட்டது?

கரிசல்பெண் | ஜூன் 19, காலை 8:48

நான்தான்! ஆகஸ்ட் முதல் வாரம். பள்ளி மாவட்டத்துக்காரர்கள் முகவரிச் சான்று கேட்டார்கள், லீஸைக் காட்டி நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. மகள் பல் மருத்துவர் பில் ஒன்றும் என் பெயருக்கு வந்தது, ஜூலை கடைசியில். ஜாயின்ட் பேங்க் அக்கவுன்டில் முகவரி மாற்றிய கடிதமும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 19, காலை 8:55

போதும், வழி தெரிகிறது. கல்யாணச் சான்றிதழ் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள், லீஸில் உள்ளவர் கணவர் என்று காட்ட வேண்டுமே. ஐ-94-ஐ, அதாவது நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவை, மறக்காதீர்கள்.

ஸ்காபரோ_தம்பி | ஜூன் 19, காலை 11:30

எங்கட பக்கம் ஒன்டாரியோவில இது வேற மாதிரி. எல்லாக் கொலிஜுக்கும் ஒரே தளத்திலதான் விண்ணப்பம், காசு கட்ட வேணும், அஞ்சு புரோக்ராம் வரைக்கும் தெரிவு செய்யலாம், பெப்ரவரி முதலாம் திகதிக்குள்ள போட்டால் எல்லாரையும் சமமாகப் பாப்பினம். இங்க கொலிஜ் எண்டால் டிப்ளோமா எடுத்து நேரா வேலைக்குப் போற இடம். நீங்கள் சொல்லுற மாதிரி ரெண்டு வருசம் படிச்சுப்போட்டு யூனிவர்சிற்றிக்கு மாறுறது குறைவு. வாசிக்கப் புதுசா இருந்தது, அதுதான் எழுதினனான்.

பொதிகைக்காற்று | ஜூன் 20, இரவு 9:14

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் இப்போது பதினோராம் வகுப்பு முடித்திருக்கிறான், சான் ரமோன் பக்கம். மதிப்பெண் சுமார்தான். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறலாம் என்று பள்ளி கவுன்சிலர் சொல்கிறார். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே நம் ஆட்கள் வீட்டுக்குப் போனால் முதல் கேள்வியே 'எந்த காலேஜ்' என்பதுதான், அவளுக்கு அதை நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. நேரடியாகக் கேட்கிறேன், இது பாலிடெக்னிக் மாதிரி இரண்டாந்தரமா?

டிரேசி_பயணி | ஜூன் 20, இரவு 9:40

உண்மையைச் சொன்னால் ஆமாம். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிற இடத்துக்கு மதிப்பு இருக்காது.

எச்4_அம்மா | ஜூன் 20, இரவு 10:22

பாலிடெக்னிக் இரண்டாந்தரம் என்று யார் சொன்னது? என் அப்பா பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்துத்தான் எங்கள் மூன்று பேரையும் கரையேற்றினார். விடுங்கள்.

சார், என் பெரியவன் இதே வழியில்தான் போனான். குபர்டினோவில் இருக்கிற டி அன்சாவில் படித்துவிட்டு யூசி டேவிஸ் போனான். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், மனைவியிடம் வாசித்துக் காட்டுங்கள்.

யூசியில் ஆறு வளாகங்கள் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இடம் உறுதி என்று எழுதிக்கொடுக்கின்றன. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். 'டேக்' என்று சொல்வார்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ இதில் இல்லை, அங்கே போட்டிபோட்டுத்தான் போக வேண்டும். ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம், செப்டம்பர் மாதம் முழுக்கத் திறந்திருக்கும், 30-ஆம் தேதி மூடிவிடும். அதைப் போட்டுவிட்டு யூசி விண்ணப்பத்தைத் தனியாகப் போடாமல் விட்டால் டேக் செல்லாது. ஒரு பையன் அப்படி விட்டுவிட்டு அழுததை என் கண்ணால் பார்த்தேன். எல்லா மேஜருக்கும் (முக்கியப் பாடம்) டேக் கிடையாது, கேட்கப்படும் ஜிபிஏயும் (சராசரி மதிப்பெண்) மேஜருக்கு மேஜர் மாறும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஒவ்வொரு வருஷப் பட்டியலையும் எழுத்து எழுத்தாக வாசியுங்கள்.

பாடம் எடுக்கும்போது 'அசிஸ்ட்' என்ற தளம்தான் வேதம். இந்தக் காலேஜின் இந்தக் கணிதப் பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று அதில் இருக்கும். யார் என்ன சொன்னாலும், கவுன்சிலரே சொன்னாலும், அதில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பொதுப் பாடங்களுக்கு முன்பு இருந்த ஐகெட்சி என்ற பட்டியல் போய், 2025 இலையுதிர்காலத்திலிருந்து சேர்கிறவர்களுக்கு கால்-கெட்சி வந்திருக்கிறது. பழைய பிள்ளைகளின் பட்டியலை வாங்கி அப்படியே காப்பி அடிக்க வேண்டாம்.

டி அன்சாவும் ஃபுட்ஹில் காலேஜும் குவார்ட்டர் முறை, செமஸ்டரைவிடப் பருவம் சின்னது. மூன்றாம் வாரமே மிட்டர்ம் வந்து நிற்கும். கொஞ்சம் மெதுவாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளை என்றால் செமஸ்டர் முறை உள்ள காலேஜ் நல்லது. உங்கள் பக்கம் லிவர்மோரில் லாஸ் பொசிடாஸ், பிளசன்ட் ஹில்லில் டயப்ளோ வேலி இரண்டுமே செமஸ்டர்தான்.

பின்வரிசை | ஜூன் 21, அதிகாலை 1:30

முந்தாநாள் சொன்ன யோசனைக்காகத் திட்டு வாங்கியது சரிதான், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பொதிகைக்காற்று சாருக்கு என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வருஷத்தில் முடியவேண்டியதை நான் மூன்றரை வருஷம் இழுத்தவன்.

முதல் வருஷம் கவுன்சிலரையே பார்க்கவில்லை. நண்பர்கள் எடுத்த பாடத்தை எடுத்தேன். அதில் மூன்று பாடம் நான் போக நினைத்த மேஜருக்குச் சம்பந்தமே இல்லாதவை. கால்குலஸில் திணறி பாதியில் விட்டேன், மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ (பாதியில் விலகியவர் என்ற குறி) விழுந்தது. முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டிருந்தால் காசும் திரும்பியிருக்கும், டிரான்ஸ்கிரிப்டில் தடமும் இருந்திருக்காது, எனக்கு அந்தத் தேதியே தெரியாது. இப்போது சட்டம் மாறிவிட்டது. 2017-இல் ஒன்று, 2022-இல் ஒன்று என்று வந்த சட்டங்களால் பழைய நுழைவு மதிப்பீட்டுத் தேர்வு போய்விட்டது, நேராக யூசிக்கு மாற்றக்கூடிய கணிதத்திலும் ஆங்கிலத்திலும்தான் உட்கார வைப்பார்கள். நல்லதுதான், ஆனால் ப்ரீகால்குலஸ் கைவராத பையன் முதல் நாளே ஆழத்தில் இறங்குகிறான், பக்கத்தில் கூடுதல் உதவி வகுப்பு இருந்தால் கூச்சப்படாமல் அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஆன்லைன் பாடத்துக்கு ஒரு எச்சரிக்கை. முதல் வாரம் கேன்வாஸ் என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் நுழைந்து ஏதாவது ஒரு அறிமுகப் பதிவோ குட்டி வினாடி வினாவோ செய்யச் சொல்வார்கள். செய்யாவிட்டால் வராத ஆள் என்று பெயரை அடித்துவிடுவார்கள். பேய் மாணவர் தொல்லையால் இதில் இரக்கமே கிடையாது.

கணக்குப்பிள்ளை | ஜூன் 21, காலை 8:10

பொதிகைக்காற்று, உங்கள் மகன் எச்4-ஆ?

பொதிகைக்காற்று | ஜூன் 21, காலை 8:26

ஆமாம். வரும் டிசம்பரில் 17 முடிகிறது.

கணக்குப்பிள்ளை | ஜூன் 21, காலை 8:58

அப்படியானால் அந்தஸ்தைவிட இதைப் பாருங்கள். 21 வயதோடு எச்4 முடிகிறது. அதற்குள் க்ரீன் கார்டு வராவிட்டால் அவன் எஃப்1-க்கு மாற வேண்டும், மாறிய பிறகு உள்ளூர்க் கட்டணம் எச்4 என்ற பலத்தில் கிடைக்காது. அந்தக் கட்டத்தில் யூசி என்றால் வெளிமாநிலக் கட்டணம், வீட்டை விற்கிற அளவுக்கு வரும். உங்கள் மகனுக்கு 21 ஆவது யூசியில் இருக்கும் காலத்தில். முதல் இரண்டு வருஷம் 46 டாலர் கணக்கில் முடிந்தால், பின்னால் வரக்கூடிய அந்தச் செலவுக்குக் கையில் கொஞ்சம் மிஞ்சும். கூட்டிக் கழித்துப் பாருங்கள், மனைவியையும் உட்கார வைத்து.

கூட்டாட்சி உதவித்தொகைக்கான ஃபாஃப்சாவில் எச்4-க்கு இடமில்லை, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். 18 ஆகாத பிள்ளைக்கு ரெசிடென்சி பெற்றோரை வைத்துத்தான் கணக்கு, ஆகவே உங்கள் தாள்களைத் தயார் செய்யுங்கள். வக்கீல் ஒருவரிடம் அவனுடைய வயதுக் கணக்கை இப்போதே ஒருமுறை காட்டிவிடுவது உத்தமம், நான் வக்கீல் இல்லை.

பொதிகைக்காற்று | ஜூன் 21, இரவு 11:05

மனைவி முழு இழையையும் வாசித்தாள். 21 வயது விஷயம் எங்களுக்குத் தெரியும்தான், ஆனால் இப்படிக் கட்டணத்தோடு சேர்த்து யோசித்ததில்லை. நாளைக்கு லாஸ் பொசிடாஸ் வளாகத்தைச் சும்மா ஒரு சுற்று பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள். இதுவே பெரிய விஷயம்.

கரிசல்பெண் | ஜூலை 2, மாலை 5:36

அலுவலகத்துக்குப் போய்வந்தேன். முதல் தடவை போனபோது கவுன்டரில் இருந்த பையன், மாணவனே போல, லீஸைப் பார்த்ததும் 'உங்கள் பெயரில் இல்லையே' என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, வெளியே வந்து காருக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இங்கே நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து மறுபடி உள்ளே போய், ரெசிடென்சி பார்க்கிறவரையே பார்க்க வேண்டும் என்று கேட்டேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை ஒரு வயதான அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். நான் ஒரு ஃபைலில் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போயிருந்தேன், மேலே ஒரு வெள்ளைத்தாளில் பட்டியல். ஜூலை 12 லீஸ், ஜூலை 29 பல் மருத்துவர் பில், ஆகஸ்ட் 5 பள்ளிச் சேர்க்கை, செப்டம்பர் பேங்க் கடிதம், நவம்பர் லைசென்ஸ், 540என்ஆர். அவர் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் புரட்டினார். பள்ளித் தாளில் என் கையெழுத்தையும் லைசென்ஸில் உள்ள கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விண்ணப்பத்தில் ஏன் நவம்பர் போட்டாய் என்று கேட்டார், உள்ளதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கேள்வியில் தப்பு செய்கிறவர்கள் நிறைய என்று சொன்னார். அதற்கு ஒரு விளக்கக் கடிதம் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டார்.

இன்று காலை போர்ட்டலில் மாறியிருக்கிறது. 276, சுகாதாரக் கட்டணம் அது இது சேர்த்து 310-ஐ ஒட்டி.

எச்4_அம்மா | ஜூலை 2, மாலை 5:50

கண்ணு, சபாஷ்!! இன்றைக்கே கட்டிவிடு, கெடு தாண்டினால் பணம் கட்டவில்லை என்று வகுப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 2, மாலை 6:15

தேதி வாரியாக அடுக்கிப் பட்டியல் மேலே வைத்தது ஆடிட்டர் ஆபீஸ் புத்தி. அந்தப் பி.காம். வீண்போகவில்லை.

கரிசல்பெண் | ஜூலை 2, இரவு 10:40

கட்டிவிட்டேன் அக்கா. ஒன்று கேட்க மறந்தேன், பி.காம். மார்க் ஷீட்டை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டுமா? 200 டாலர் ஆகும் என்கிறார்கள்.

எச்4_அம்மா | ஜூலை 2, இரவு 11:02

இப்போதைக்கு வேண்டாம். நீ டிகிரிக்கோ, முன்பாடத் தகுதி காட்டவோ போகவில்லையே. இங்கே தனியார் பிரீஸ்கூலில் ஆசிரியராக இருக்க 12 யூனிட் குழந்தை வளர்ச்சிப் பாடம் வேண்டும், அதோடு ஆறு மாத அனுபவம். இப்போது எடுக்கிற 6 போக அடுத்த செமஸ்டரில் 6. அந்தக் காசை வைத்துக்கொள். புத்தகமும் வாங்க வேண்டாம், பாட அட்டவணையில் புத்தகச் செலவு இல்லை என்று குறி போட்ட வகுப்புகள் இருக்கும், அதைப் பார்த்து எடு.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். குழந்தைகள் இருக்கிற இடத்துக்குப் போய் கவனிக்கிற பயிற்சி வரும்போது டிபி (காசநோய்) இல்லை என்று சான்று கேட்பார்கள். கையில் ஊசி குத்தி இரண்டு நாள் கழித்துத் தடிப்பைப் பார்க்கிற சோதனைக்கு ஒத்துக்கொள்ளாதே. நமக்கெல்லாம் பிறந்ததும் டிபிக்கான பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், அதனாலேயே தடித்துக்கொண்டு பாசிட்டிவ் காட்டக்கூடும், அப்புறம் எக்ஸ்ரே, அது இது என்று அலைய வேண்டும். ரத்தச் சோதனை கேள், அதில் பிசிஜி குழப்பாது. தட்டம்மை, கக்குவான் தடுப்பூசிக்கும் ஆதாரம் கேட்பார்கள். ஊர் டாக்டர் எழுதிய சீட்டு எங்கே இருக்கும் என்று அம்மாவை இப்போதே தேடச் சொல்.

கரிசல்பெண் | செப்டம்பர் 9, இரவு 9:47

வகுப்பு ஆரம்பித்து மூன்றாவது வாரம். செவ்வாய் மாலை நேரில், இன்னொன்று ஆன்லைன். என் வரிசையில் ஒரு ஆஃப்கன் அம்மா, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. முதல் வேலையாக ஒரு குழந்தையைப் பத்து நிமிஷம் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார்கள். 'கோபமாக இருந்தாள்' என்று எழுதக்கூடாது, 'புருவத்தைச் சுருக்கி, கட்டையைத் தரையில் இரண்டு முறை தட்டினாள்' என்று எழுத வேண்டும். என் மகளையே பார்த்து எழுதினேன், ஏழு வருஷமாக அவள் இடது கையால் தலைமுடியைச் சுருட்டுவதை நான் பார்த்ததே இல்லை.

டிபி ரத்தச் சோதனை நெகடிவ். தடுப்பூசிச் சீட்டு கிடைத்தது, அம்மா ரேஷன் கார்டு பையில் வைத்திருந்தார். மறக்காமல் கம்யூனிட்டி சர்டிபிகேட்டையும் சேர்த்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், 'எதுக்கும் இருக்கட்டும்' என்று.

புதுவரவு_87 | செப்டம்பர் 14, மாலை 4:18

முழு இழையும் வாசித்தேன் அக்கா. நானும் எச்4, சான்ஹோசே. வசந்த செமஸ்டருக்குச் சேரலாம் என்று நினைக்கிறேன். இப்போதே விண்ணப்பம் போடலாமா? லைசென்ஸ் இந்த மார்ச்சில்தான் வாங்கினேன், அதனால் ஒரு வருஷம் ஆகவில்லையே என்று தயக்கம்.

கரிசல்பெண் | செப்டம்பர் 14, மாலை 4:31

விண்ணப்பப் பக்கத்தைத் திறக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். கலிஃபோர்னியாவுக்கு வந்து இறங்கிய தேதி என்ன? லைசென்ஸ் தேதி வேண்டாம், வந்த தேதி. அப்புறம் லீஸை எடுத்து, உங்கள் பெயர் எந்த வரியில் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.